சுவரில் விழாத கறுப்பு

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோர ஊர்களில் வீட்டுப் புரொஜெக்டர் பரவிவருகிறது. கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ லீவில் வருகிற பிள்ளை முன்பெல்லாம் டீவிப் பெட்டியோடு வந்து இறங்குவான். இப்போது தோள்பையில் அடங்குகிற ஒரு புரொஜெக்டரை எடுத்து மேசையில் வைக்கிறான். இதற்குச் சொல்லப்படும் நியாயம் எங்கு போனாலும் ஒன்றுதான்: டீவி விலையில் பாதிக்கு நூறு அங்குலப் படம். கடைக்காரர் இப்படிச் சொல்வது அவருடைய தொழில். ஆனால் விடயம் தெரிந்த இளைஞர்களும் ஆசிரியர்களும்கூட இதை ஒரு கொள்கையாகவே பேசுகிறார்கள். டீவி காலம் போன பொருளாம், இனிச் சுவர்தான் திரையாம். இந்த வாதத்தில் உள்ள பிழை சின்னதல்ல என்று நான் நெடுநாளாக நினைத்துவருகிறேன்.

புரொஜெக்டரின் நல்ல பக்கத்தை நான் மறுக்கவில்லை. கத்தம் ஓத ஆட்கள் வரும் நாளிலும் நோன்பு மாதத்திலும் ஹோலின் நடுவே ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி தொங்குவதைப் பல வீடுகள் விரும்புவதில்லை. புரொஜெக்டரை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் சுவர் மறுபடி சுவராகிவிடும். பெரிய படத்துக்கு முன்னால் பிள்ளைகளும் மச்சான்மாரும் ஒன்றாக உட்காருகிறார்கள். எண்பதுகளில் டெக்கும் டீவியும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து, அயலெல்லாம் கூடிப் படம் பார்த்த சந்தோஷத்தில் கொஞ்சமாவது அதில் மீள்கிறது. இதெல்லாம் உண்மை.

சில்லறைக் குறைகளையும் நான் பெரிதாக்கப் போவதில்லை. உள்ளே இருக்கும் சின்ன ஒலிபெருக்கியின் குரல் விசிறிச் சத்தத்துக்குள் அமுங்கிப்போகும். வெளியே ஒரு பெட்டியை இணைத்தால் தீர்ந்தது. மூடப்படாத ஒளியமைப்பு உள்ள மலிவு இயந்திரங்களுக்குள் கடற்கரைத் தூசு போய்ப் படத்தில் புள்ளி விழும். அடிக்கடி துடைத்துக் கவனமாக வைத்தால் கொஞ்சக்காலம் தப்பலாம். டீப்போவில் சாய்த்துவைத்துவிட்டுக் கீஸ்டோன் திருத்தத்தால் படத்தைச் சதுரமாக்குகிறவர்கள், அந்தத் திருத்தம் பனலின் ஒரு பகுதியை வீணாக்கிப் படத்தைச் சிறுக்கவைக்கிறது என்பதை அறிவதில்லை. இயந்திரத்தைச் சுவருக்கு நேர் எதிரே வைத்தால் திருத்தமே தேவைப்படாது. இவை எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு.

மருந்தில்லாத குறை ஒன்று உண்டு. புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது.

அந்த இயந்திரத்துக்குத் தெரிந்த ஒரே வேலை வெளிச்சம் போடுவது. படத்தில் கறுப்பு வரவேண்டிய இடத்தில் அது வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மிஞ்சி அங்கே தெரிவது, அறையிலிருக்கும் வெளிச்சத்தில் அந்தச் சுவர் எப்படித் தெரியுமோ அதுவே. அறை எவ்வளவு வெளிச்சமோ, படத்தின் கறுப்பும் அவ்வளவு வெளிச்சம். இதை மாற்ற எந்த ரிமோட்டிலும் பொத்தான் இல்லை.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். 100 அங்குலப் படம் 2.21 மீற்றர் அகலமும் 1.25 மீற்றர் உயரமும் கொண்டது. பரப்பு ஏறத்தாழ 2.75 சதுர மீற்றர். உண்மையாகவே 200 லூமன் தருகிற ஒரு சின்னப் புரொஜெக்டர் அந்தப் பரப்பில் போடுவது 72 லக்ஸ் வெளிச்சம். இரவில் ஹோலில் எரியும் விளக்கால் சுவரில் 50 லக்ஸ் விழுகிறது என்று வையுங்கள். படத்தின் வெள்ளை 122, கறுப்பு 50. வித்தியாசம் இரண்டரை மடங்குகூட இல்லை. விளக்கை அணைத்து, கதவுகளைச் சாத்தி, சுவரில் 1 லக்ஸ் மட்டும் மிஞ்சும்படி செய்தால் அதே இயந்திரம் 70 மடங்குக்கு மேல் வித்தியாசம் காட்டும். இயந்திரம் ஒன்றுதான், மாறியது அறை. அந்த முழு இருட்டிலும்கூட நல்ல வெள்ளைச் சுவரில் படத்தின் பிரகாசம் சதுர மீற்றருக்கு 23 கண்டெலா அளவில்தான் நிற்கும். திரையரங்குகளுக்கு வகுத்த அளவு 48. சாதாரணமான 43 அங்குல டீவி 250 அளவில் ஒளிரும். அத்தோடு, அறை வெளிச்சத்தின் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்கிற கறுப்புப் பரப்பு அதற்கு உண்டு.

விளக்கு எரிகிற ஹோலில் இது எப்படித் தெரியும் என்பதைப் பார்த்தவர் மறக்கமாட்டார். இரவுக் காட்சி ஒன்று ஓடுகிறது. நடிகரின் தலைமுடியும் அவருக்குப் பின்னாலுள்ள இருட்டும் சுவரின் இளம்பச்சை டிஸ்டெம்பரும் ஒரே நிறமாகிவிடுகின்றன. கண்ணின் வெள்ளையும் பல்லும்தான் நகருகின்றன. பழைய கலண்டர் தொங்கிய ஆணித் துளை அவர் நெற்றியில் நிற்கிறது. மேசன் மட்டப்பலகையால் இழுத்த வரிகள் கன்னத்தில் ஓடுகின்றன. பார்க்கிறவர்கள் கதையைக் குரலை வைத்தே பின்தொடர்கிறார்கள். நூறு அங்குலம் என்று பெருமைப்பட்ட படம் அங்கே வானொலி நாடகமாகிவிடுகிறது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்கள் இந்த உண்மையை மறைக்கவே உதவுகின்றன. 9,000 லூமன், 12,000 லூமன் என்று போட்டிருக்கும். ஒரு புரொஜெக்டரின் வெளிச்சத்தை எப்படி அளப்பது என்பதற்கு அமெரிக்கத் தர நிறுவனம் 1992 இலேயே முறை வகுத்தது: திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து, சராசரியைப் பரப்பால் பெருக்க வேண்டும். பின்னர் ஐஎஸ்ஓ 21118 என்ற சர்வதேசத் தரமும் வந்தது. வில்லை வழியாக வெளியே வந்து திரையில் விழும் வெளிச்சமே கணக்கு. பெட்டியிலுள்ள பெரிய எண் பெரும்பாலும் எந்த அளவைக்கும் கட்டுப்படாத விளம்பர எண். அப்படிப்பட்ட எண்களுக்காக எப்சன் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றங்களில் பல விற்பனையாளர்கள் மீது வழக்குத் தொடுத்திருக்கிறது. "4கே" என்ற எழுத்தும் இதே இனம்தான். பனல் 1280க்கு 720 ஆக இருக்கும். 4கே கோப்பை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதே அதன் பொருள். வாங்குகிறவர் நம்பி ஏமாறுகிறார். வாங்கிவந்து மாட்டியதும், அறையின் வெளிச்சம் பற்றி யாருமே தன்னிடம் கேட்கவில்லை என்பது அவருக்கு உறைக்கிறது.

இந்த மோகம் நம்மிடையே இவ்வளவு வேரூன்றியதற்கு 2022 கால்பந்து உலகக் கிண்ணம் ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. கட்டாருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஆட்டங்கள் பெரும்பாலும் நம் மஃரிபுக்குப் பின்னர் வந்தன. டிசம்பர் 18 இறுதியாட்டம் இங்கே இரவு 8.30க்குத் தொடங்கியது. காலமும் மாரி. வானம் மூடிக்கிடந்தது, குளிர்க்காற்று வேறு; யன்னலைச் சாத்தியிருந்தது யாருக்கும் கஷ்டமாக இருக்கவில்லை. அந்த இரவுகளில் சுவரில் விழுந்த படம் அழகாகத்தான் இருந்தது. அந்த அழகில் பாதி கட்டாரின் கடிகாரமும் நம் மாரியும் கொடுத்தது.

அடுத்த வருடமே கணக்கு மாறியது. 2023 இல் இந்தியாவில் நடந்த கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் பகலிரவு ஆட்டங்கள் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கின. முதல் இனிங்ஸ் முழுவதும் நல்ல வெயில். 2026 கால்பந்து உலகக் கிண்ணம் வட அமெரிக்காவில், ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. நியூயோர்க்கில் இரவு 9 மணி என்றால் கல்முனையில் மறுநாள் காலை 6.30. அந்த மாதங்களில் இங்கே ஆறு மணிக்கு முன்னரே சூரியன் கடலிலிருந்து எழுந்துவிடும். கிழக்கு நோக்கிய நம் வீடுகளின் முன் யன்னலுக்குள் வெளிச்சம் படுக்கையாக நுழைந்து நேரே உட்சுவரில் விழும் நேரம் அது. 72 லக்ஸ் அங்கே எந்த மூலைக்குக் காணும்?

புரொஜெக்டர் கேட்பது ஓர் இருட்டறை. நம் வீடுகளில் அது எங்கே இருக்கிறது? பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்துவைப்பது இந்தக் கரையின் வழக்கம். டெனிஸ் மெக்கில்வ்றே அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு எழுதி 2008 இல் வெளிவந்த ஆய்வு நூலிலும் இந்த வழக்கம் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. மகள்மாருக்கென்று வளவு துண்டாகித் துண்டாகி, கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. இப்படியான வீட்டில் ஹோல்தான் நடைபாதை, வரவேற்பறை, பிள்ளைகள் படிக்கும் இடம், உம்மா தொழுதுவிட்டு உட்காரும் இடம். அறைக் கதவுகள் எல்லாம் அதற்குள்தான் திறக்கின்றன. பெரிய வெறுஞ்சுவர் இருப்பதும் அங்கேதான், ஆகவே புரொஜெக்டரும் அங்கேதான் வந்து நிற்கும்.

ஆதரிப்பவர்களிடம் இதற்கு மூன்று பதில்கள் உண்டு. பெரிய இயந்திரம் வாங்கலாம் என்பது முதலாவது. உண்மையான 2,000 லூமன் இருந்தால், விளக்கு எரியும் இரவில் 15 மடங்கு வித்தியாசம் கிடைக்கும், அது பார்க்கக்கூடியதே. ஆனால் பகலில் சுவரில் 300 லக்ஸ் விழுந்தால் அதுவும் மூன்றரை மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. அத்தகைய இயந்திரத்தின் விலையைச் சொல்லும்போது "டீவியின் பாதி விலை" என்ற பேச்சு வாயில் வராது. எந்த நியாயத்தை வைத்து டீவியைத் தள்ளினார்களோ, அதை அவர்களே கைவிட வேண்டியிருக்கிறது.

நல்ல திரை கட்டலாம் என்பது இரண்டாவது. மருதமுனை நெசவுக்குப் பெயர்போன ஊர். வெள்ளைத் துணிக்குக் குறையில்லை. துணி கட்டினால் ஆணித் துளையும் டிஸ்டெம்பர் நிறமும் மறையும் என்பது சரி. நெருக்கமில்லாத நெசவென்றால் வெளிச்சம் துணியை ஊடுருவிப் பின்னாலுள்ள சுவருக்குப் போகும், காற்றடித்தால் முகங்கள் நெளியும். அதைவிட முக்கியமானது, வெள்ளைத் துணி புரொஜெக்டரின் வெளிச்சத்தையும் யன்னல் வெளிச்சத்தையும் வேறுபடுத்தாது. இரண்டையும் ஒரே மாதிரித் திருப்பியனுப்பும். அறை வெளிச்சத்தைத் தடுப்பதற்கென்றே செய்த விசேட திரைகள் இருக்கின்றன. அவை மலிவுப் புரொஜெக்டரைவிட விலை கூடியவை.

மூன்றாவது பதில்தான் எனக்குக் கோபமூட்டுவது: "யன்னலை மூடி, திரைச்சீலை போட்டால் போச்சு." கச்சான் அடிக்கிற ஜூலை மாதத்தில் யன்னலை மூடச் சொல்கிறவர் யாருடைய மூச்சை மூடச் சொல்கிறார்? படம் பார்க்கிற நான்கு ஆண்களுக்காக ஹோல் இருட்டாகிறது. குசினியிலிருந்து அறைக்குப் போகிற ராத்தா, ஒளிக்கற்றையைக் குறுக்கே மறைக்காமல் குனிந்து போக வேண்டும். கதவைத் திறந்தால் "வெளிச்சம் வருது, சாத்துங்க" என்ற குரல். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்தோடு குசினி வாசலுக்குப் போகிறது. முட்டு வருத்தமுள்ள வாப்பா புழுக்கத்தில் விறாந்தைக்குப் போய் உட்காருகிறார். டீவி என்ன குற்றம் செய்தாலும், வீட்டாரிடம் விளக்கை அணைக்கச் சொன்னதில்லை. யன்னலைத் திறந்துவைத்து, வருகிறவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டே வீடு தன் வேலையைச் செய்யலாம். புரொஜெக்டர் மற்ற எல்லா வேலையையும் நிறுத்தச் சொல்கிறது. அப்படி நிறுத்துகிற செலவை விலைப்பட்டியலில் எவரும் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அதைக் கொடுப்பது வாங்கியவர் அல்ல. குடும்பத்தை ஒன்றுசேர்க்கிறது என்று இதைப் புகழ்கிறவர்கள், ஆட்டம் நடக்கும்போது வீட்டில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

பின்னறை ஒன்று தனியாக இருந்து, இஷாவுக்குப் பிறகு மட்டும் போட்டு, படத்தை 60 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதென்றால் எனக்கு மறுப்பில்லை. பரப்பு ஒரு சதுர மீற்றருக்குள் வந்துவிடும். அதே 200 லூமன் அங்கே 200 லக்ஸ் ஆகும். இருட்டும் கறுப்பும் ஓரளவு தெரியும். ஆனால் 60 அங்குலம் என்றதும் எவருக்கும் வாங்கும் ஆசை போய்விடுகிறது.

வாங்கியே தீருவேன் என்கிற தம்பிமார் கடையில் ஒன்று செய்யுங்கள். பின்னால் கறுப்புத் துணி மறைத்த மூலையில் பூக்களும் கிளிகளும் ஓடும் பளபளப்பான படத்தைத்தான் போட்டுக்காட்டுவார்கள். இயந்திரத்தை அங்கிருந்து முன் ஹோலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். டியூப் லைட் எரியட்டும், வீதிப் பக்கக் கதவு திறந்திருக்கட்டும். நூறு அங்குலத்துக்கு விரித்து, மழை பெய்கிற இரவுக் காட்சி ஒன்றை ஐந்து நிமிஷம் ஓடவிடச் சொல்லுங்கள். அந்தக் காட்சியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உங்களால் எண்ண முடிந்தால் காசைக் கொடுங்கள்.