விதை, நிலம், விந்து

சூலக்கரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் கேட்டார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. "நெலம் சரியில்லன்னு அத்தை சொல்றாக. வெதைய யாராச்சும் சோதிச்சுப் பாத்தாகளாண்ணே?" எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு விதை–நிலம் என்பது நயம் பாராட்ட வேண்டிய ஓர் உருவகம். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

இது உருவகம் மட்டுமல்ல, உடைமை குறித்த சொல்லாடல். மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை வயலாகவும் ஆணை விதையாகவும் வைத்து வழக்காடுகிறது. விதையே மேல் என்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் விளைச்சல் வயலின் உடைமையாளனுக்கு என்கிறது. வழக்கின் இரு பக்கமும் நிற்பது ஆண்தான். வயலுக்கு வாயில்லை.

அறிவியல் இதை ஒழித்துவிட்டது என்று நாம் நம்புகிறோம். 1677இல் லேவன்ஹூக் விந்தணுவைக் கண்டார். 1694இல் ஹார்ட்சோக்கர் அதன் தலைக்குள் ஒரு குட்டி மனிதனையே வரைந்து வைத்தார். பாலூட்டியின் முட்டையை வான் பேயர் கண்டதோ 1827இல்தான். மானுடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் அமெரிக்கப் பாடநூல்களை வாசித்துக் காட்டினார்: விந்து படையெடுக்கும் வீரன், முட்டை காத்திருக்கும் மணப்பெண். பாடநூலும் ஒரு பிரதிதான்.

நடப்பது என்ன? கோடிக்கணக்கில் புறப்பட்டு, சினைக்குழாயில் முட்டைக்கு அருகே சேர்பவை சில நூறுதான். கருப்பைத் தசைகளின் அசைவும் அவற்றைக் கொண்டு சேர்க்கிறது. வெளியேறிய உடனே விந்தணுவுக்குக் கருவுறச் செய்யும் திறன் இல்லை. பெண்ணுடலுக்குள் சில மணி நேரம் கழித்த பிறகே அது வாய்க்கிறது. 1951இல் சாங்கும் ஆஸ்டினும் தனித்தனியே கண்டது இது. விந்தணுவின் இசுமோ புரதமும் (2005) முட்டையின் ஜூனோ புரதமும் (2014) ஒன்றையொன்று பற்றினால்தான் இரண்டும் இணையும். ஒன்று நுழைந்ததும் முட்டை தன் உறையை மாற்றி மற்றவற்றைத் தடுக்கிறது. தன் கடைசிப் பிரிவையும் அப்போதுதான் முடிக்கிறது.

பெயர்களைக் கவனியுங்கள். இசுமோ ஜப்பானின் திருமணக் கோயில், ஜூனோ ரோமானியத் திருமணத் தெய்வம். ஆய்வுக்கூடத்திலும் கல்யாணம் பண்ணி வைக்காமல் விடவில்லை! இதைத் தலைகீழாக்கி முட்டையை 'தேர்ந்தெடுக்கும் ராணி' ஆக்குவதும் தீர்வல்ல. கதை அதேதான், வேஷம்தான் மாறுகிறது.

தோழர்களே, நாமும் இதற்கு வெளியே இல்லை. 'உழுபவனுக்கே நிலம்' என்று சுவரில் எழுதியவன் நான். அந்த முழக்கத்தில் உழைப்புக்கே உரிமை என்ற நியாயம் இருக்கிறது. ஆனால் குடும்பத்துக்குள் வந்ததும் உழுபவன் ஆணாகவும் நிலம் பெண்ணாகவும் மாறிவிடுகிறது. பத்து மாதம் சுமக்கும் உழைப்பு நம் கணக்கில் வருவதே இல்லை. 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது. தெருவில் கேட்பது 'மலடி'தான்.

பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் உண்டு, விந்துப் பரிசோதனை எளிது, முதலிலேயே செய்ய வேண்டியது. "இத அவுககிட்ட நீங்க சொல்லுங்கண்ணே" என்றார்.

இன்னும் சொல்லவில்லை. கட்டுரை எழுதுவது அதைவிடச் சுலபமாக இருக்கிறது.