கொளுக்கியா, கொழுக்கியா?

பெரகலச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறினும், கொஸ்லாந்தைக்கு இறங்கினும் வழியில் எதிர்ப்படுபவை தேயிலைத் தோட்டங்களே. இத்தோட்டங்களின் வாழ்வோடு நெடுங்காலம் பிணைந்த நோய்ப்பெயர் ஒன்று இன்னும் ஓரெழுத்தில் நிலைபெறவில்லை. கொளுக்கிப்புழு என்று எழுதுவாரும் கொழுக்கிப்புழு என்று எழுதுவாரும் உளர். தமிழகத்தார் கொக்கிப்புழு என்பர்.

இலங்கை வழக்குகள் இரண்டனுள் ளகரமே பொருந்தும். கொளுவு என்னும் வினை மாட்டுதலைக் குறிக்கும். மாட்டுங் கருவி கொளுக்கி. ழகரம் புகின் கொழுமையன்றோ நினைவுக்கு வரும்? குருதியை உறிஞ்சி ஆளை வெளிறச் செய்யும் புழுவுக்கு இதனினும் முரணான பெயர் வேண்டுவதில்லை. நாளெல்லாம் கொழுந்து பறிப்போரிடையே அவ்வெழுத்து எளிதிற் கைக்கு வருதல் வியப்பன்று.

எழுத்துத் தடுமாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மிலான் நகர மருத்துவர் துபினி 1843இல் இப்புழுவுக்கு 'வளைந்த வாய்' என்னும் பொருளில் கிரேக்கப் பெயரிட்டார். ககரத்தின் முன் வரும் ஙகர ஒலியையும் ககர எழுத்தாலேயே குறிப்பது கிரேக்க மரபு. அவர் அதனை அப்படியே உரோமன் எழுத்திற் பெயர்க்க, பின்வந்தோர் ஆளுக்கொரு விதமாகத் திருத்தினர். அறிஞர் ஆணைக்குழுவொன்று தலையிட்டே 'அன்கைலொஸ்தோமா' என்னும் வடிவத்தை நிலைநிறுத்தியது.

எழுத்தினும் பெரிய குறை பொருளிலுண்டு. கிரேக்கப் பெயர் வாயைச் சுட்டுகிறது; ஆங்கிலப் பெயர் வளைந்த முன்னுடலைச் சுட்டுகிறது; அதனைப் பின்பற்றிய தமிழ்ப்பெயரைக் கேட்போர், குடலை மாட்டிப் பிடிக்கும் புழு என்றே கொள்வர். பிழையில்லை, ஆயினும் புழு உட்புகும் வழி பாதம். இளம்புழு தோலைத் துளைத்துப் புகுதலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் லூஸ் என்பார் தம் கையிலேயே கண்டறிந்தார். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடந்த தொழிலாளிக்கு அறிவிக்க வேண்டியிருந்த செய்தி அதுவே. மூன்று மொழிகளும் அதனைப் பெயரில் வைக்கவில்லை.

1902இல் அமெரிக்கச் செய்தித்தாள்கள் சூட்டிய 'சோம்பற் கிருமி' என்னும் பெயரோ இன்னுங் கொடிது. குருதியிழந்தவனின் தளர்ச்சி அங்கே குணக்குற்றமாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் ஒழிப்பு இயக்கம் 1916இல் தொடங்கியது. குடலிலிருந்த புழுவை மருந்து வெளியேற்றியது. கழிப்பிடம் அமையாத லயங்களில் மருந்துண்டவரே மீண்டும் மண்ணை மிதித்து நோயுற்றனர்.