ஜெரோமின் மிதிவண்டிப் பயணம்: ஒரு நகைச்சுவை நூலின் மறுபதிப்புக் குறித்த சில சிந்தனைகள்

முன்னுரை

நகைச்சுவை நூல்களின் ஆயுள் குறுகியது என்பது பொதுவாக நிலவும் கருத்து. ஒரு காலத்து மக்கள் எதைக் கண்டு சிரித்தனரோ, அதனை விளங்கிக்கொள்ளவே அடுத்த தலைமுறைக்கு உரை தேவைப்படுகிறது. உரை கண்டு விளங்கிய நகைச்சுவையோ நகைப்பை உண்டாக்குவதில்லை. ஆதலால் பழைய நகைச்சுவை நூலொன்றைப் புதிய பதிப்பாகக் கொண்டுவர முற்படும் பதிப்பாசிரியர், பிற இலக்கியங்களைப் பதிப்பிப்போர் அதிகம் எதிர்கொள்ளாத சிக்கலொன்றை எதிர்கொள்கிறார்.

ஆங்கில எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் (1859–1927) எழுதி 1900ஆம் ஆண்டில் வெளிவந்த 'த்ரீ மென் ஆன் தி பம்மெல்' இச்சிக்கலை ஆராய்வதற்கு ஏற்ற நூலாகும். மிதிவண்டி மோகம் மேலோங்கியிருந்த காலத்தின் பழக்கவழக்கங்களை இந்நூல் நகையாடுகிறது. பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டமையால் இதனை எவரும் வெளியிடலாம். மலிவுப் பதிப்பாகவும் ஆய்வு முன்னுரையுடன் கூடிய பதிப்பாகவும் இது மீண்டும் மீண்டும் வெளிவந்துள்ளது. இதற்கு ஒரு நல்ல மறுபதிப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினாவை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். இந்நூலில் இயந்திரத்தை நோக்கி எழும் சிரிப்பும் அரசை நோக்கி எழும் சிரிப்பும் ஒரே ஊற்றிலிருந்து பிறப்பவை. அவற்றைப் பிரித்துவிடும் பதிப்பு நூலைக் குறைப்படுத்திவிடும் என்பதே நமது கருத்து.

நூலும் அதன் காலமும்

ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் அறிமுகப்படுத்திய 'ரோவர்' மிதிவண்டி, உயரமான முன்சக்கரத்தின் மீது அமர்ந்து உயிரைப் பணயம் வைக்கும் நிலையை மாற்றியது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டின் விளைவாக 1890களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி பெருமோகமாகப் பரவியது. இளைஞர்களின் விளையாட்டாக இருந்தது, ஆண்களும் பெண்களும் நடுத்தர வயதினரும் மேற்கொள்ளும் பொழுதுபோக்காயிற்று. அதனோடு விளம்பரமும், புதுப்புது உதிரிப்பாகங்களும், அவற்றைப் பற்றி ஓயாது பேசும் ஆர்வலர் கூட்டமும் தோன்றின.

இச்சூழலை நகைச்சுவையுடன் அணுகியோர் வேறு சிலரும் உண்டு. மார்க் ட்வெய்ன் 1880களில் உயரச் சக்கர வண்டி பழகிய அனுபவத்தைக் கட்டுரையாக்கினார். அஃது அவர் மறைந்த பின் 1917இல்தான் நூலில் இடம்பெற்றது. எச்.ஜி. வெல்ஸ் 1896இல் வெளியிட்ட 'தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்' என்னும் புதினம், துணிக்கடை ஊழியன் ஒருவன் தன் விடுமுறையில் மேற்கொள்ளும் மிதிவண்டிப் பயணத்தைக் கூறுவது. ட்வெய்னின் நகைச்சுவை கற்பவனின் உடற்பாட்டைப் பற்றியது. வெல்ஸின் நகைச்சுவை வர்க்க வேறுபாட்டைப் பற்றியது. ஜெரோமின் கவனமோ இயந்திரத்தை உடைமையாகக் கொண்டவனின் மனப்போக்கில் நிலைகொள்கிறது.

1889இல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டிய 'த்ரீ மென் இன் எ போட்' நூலின் அதே மூவரே இதிலும் வருகின்றனர். கதைசொல்லியும் ஹாரிஸும் மணமானவர்களாகிவிட்டனர். ஜார்ஜ் மட்டும் மணமாகாதவன். மனைவியரிடம் இசைவு பெறுவதே பயணத்தின் முதல் இடராக அமைகிறது. ஓர் இரட்டை இருக்கை மிதிவண்டியும் ஓர் ஒற்றை மிதிவண்டியும் கொண்டு ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் சுற்றிவருவது அவர்களின் திட்டம். ஜெரோம் 1898இல் ஜெர்மனியில் தங்கியிருந்தபோது பெற்ற அனுபவம் இதற்கு அடிப்படையாகும்.

தலைப்பும் தொகுப்பும்

இந்நூலுக்கு இரண்டு தலைப்புகள் உண்டு. இங்கிலாந்துப் பதிப்பு 'பம்மெல்' என்னும் ஜெர்மன் சொல்லைத் தாங்கி வந்தது; அமெரிக்கப் பதிப்போ 'த்ரீ மென் ஆன் வீல்ஸ்' எனச் சக்கரத்தை முன்னிறுத்தியது. இஃது எளிய வணிக மாற்றமாகத் தோன்றினும், நூலை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பது பற்றிய இருவேறு தீர்ப்புகளாகவே இவற்றை நாம் கொள்கிறோம். சக்கரம் என்னும் தலைப்பு மிதிவண்டிப் பயண நூலொன்றை எதிர்பார்க்கச் செய்கிறது. ஆனால் மூவரும் கப்பலில் ஹாம்பர்க் சென்று, பெர்லின், டிரெஸ்டன், பிராக் முதலிய நகரங்களைக் கண்டு, பாடனை அடைந்த பின்னரே முறையாக மிதிவண்டி ஓட்டத் தொடங்குகின்றனர். அதற்குள் நூலின் பெரும்பகுதி கடந்துவிடுகிறது.

'பம்மெல்' என்பதற்கு நூலின் இறுதியில்தான் ஜெரோம் பொருள் கூறுகிறார். குறித்த காலத்திற்குள் புறப்பட்ட இடத்திற்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு இலக்கில்லாத சுற்றுகை என்பது அவ்விளக்கத்தின் சாரம். தமிழில் இதனை 'உலா' எனப் பெயர்க்கத் தோன்றும். எனினும் நம் உலா இலக்கியத்தில் தலைவன் ஊர்தியில் பவனி வர, எழுபருவ மகளிர் கண்டு மயங்குவர். ஜெரோமின் மூவரைக் கண்டு எவரும் மயங்குவதில்லை. அவர்களின் ஊர்தியே அவர்களுக்கு அடங்குவதில்லை. இம்முரணை எண்ணிப் பார்க்கையில் 'உலா' என்னும் சொல்லும் நகைச்சுவைக்குத் துணைபுரிகிறது எனலாம்.

பதிப்பகங்கள் பல இந்நூலைப் படகு நூலுடன் இணைத்து ஒரே தொகுதியாக வெளியிடுகின்றன. வாசகருக்கு இது சிக்கனமானது. ஆயினும் இரண்டாவதாக வைக்கப்படும் நூல் எப்போதும் முதல் நூலோடு ஒப்பிடப்பட்டுத் தாழ்ந்ததாகவே மதிப்பிடப்படுகிறது. படகு நூலுக்கு ஆறு இயல்பான ஓட்டத்தைத் தந்தது. இந்நூலில் அத்தகைய ஒழுங்கான ஓட்டம் இல்லை என்னும் குறை ஓரளவு உண்மையே. ஆனால் அந்நூலில் இல்லாத சிந்தனை இதில் உண்டு. அதனை வாசகர் உணர வேண்டுமாயின் இந்நூல் தனித்து நிற்க வேண்டும்.

நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைச் சுட்டுகிறது. பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்படும்போது நகுதலும் என எள்ளலை இருவகைப்படுத்தி உரைமரபு விளக்கும். மடன் என்பது பிறர் கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாதிருக்கும் தன்மை. இவ்விரு விளக்கங்களும் ஜெரோமின் நகைச்சுவையை அறிந்துகொள்ளப் பெரிதும் உதவுகின்றன.

மிதிவண்டியைப் பிரித்துச் சீர்செய்வதில் பேரார்வம் கொண்ட ஒருவரைப் பற்றிய பகுதி இந்நூலில் மிகவும் புகழ்பெற்றது. நன்றாக ஓடும் வண்டியின் முன்சக்கரம் ஆடுகிறது என்று கூறி அவர் அதனைக் கழற்றுகிறார். சிறு எஃகுக் குண்டுகள் சிதறி ஓடுகின்றன. அவற்றைத் தேடிப் பொறுக்கித் தொப்பியில் சேர்க்க நேர்கிறது. அத்துடன் நில்லாது, வேண்டாம் எனத் தடுத்தும் கேளாமல் சங்கிலி உறையையும் கழற்றுகிறார். பயணத்திற்கெனக் குறித்த நாள் பழுதுபார்ப்பிலேயே கழிகிறது. மிதிவண்டியை ஓட்டுவதும் அதனைப் பிரித்துச் சீர்செய்வதும் வெவ்வேறு விளையாட்டுகள், ஒருவர் இரண்டில் ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும் என ஜெரோம் முடிக்கிறார். இன்று கணினியையோ கைப்பேசியையோ அமைப்பதிலேயே பொழுதைக் கழிப்போரை அறிந்த வாசகருக்கு இப்பகுதியை விளக்க உரை எதுவும் வேண்டியதில்லை.

மிதிவண்டி விளம்பரச் சுவரொட்டிகளைப் பற்றிய பகுதியும் இத்தகையதே. சுவரொட்டியில் வரும் பெண் மேட்டுநிலத்திலும் முயற்சியின்றி மிதக்கிறாள். வியர்வையோ புழுதியோ அவளை அணுகுவதில்லை. வண்டி வாங்கியவனுக்கு வாய்ப்பது வேறு. உடலை வருத்தாத இருக்கை எங்கேனும் கிடைக்கும் என்னும் ஹாரிஸின் நம்பிக்கையும் அவ்வாறே பொய்க்கிறது. இரட்டை மிதிவண்டியில் பின்னிருப்பவர் உழைப்பதில்லை என்று முன்னிருப்பவரும், முன்னிருப்பவர் உழைப்பதில்லை என்று பின்னிருப்பவரும் கருதுவதாக ஜெரோம் எழுதுகிறார். ஹாலந்தில் ஹாரிஸ் கூறிய எச்சரிக்கையைத் தவறாகக் கேட்டு மனைவி கிளாரா கீழே குதித்துவிட, அவர் பின்னால் இருப்பதாகவே எண்ணி ஹாரிஸ் நெடுந்தொலைவு மிதித்துச் செல்லும் நிகழ்ச்சி, இதன் மறுபக்கமாகும். விற்பவர் சொன்னதை நம்புவோர், தம் திறமையை நம்புவோர், தம்முடன் வருபவரை அறியாதோர் ஆகியோரே இங்குச் சிரிப்புக்கு உள்ளாகின்றனர். இங்குக் காணப்படுவது பேதைமையும் மடனும் ஆகும்.

இயந்திரமும் அரசும்

நூலின் பிற்பகுதியில் ஜெர்மானியரின் ஒழுங்குப் பற்று நகைக்கு உள்ளாகிறது. மரங்களும் வரிசையில் நிற்க வேண்டும். இயற்கை அழகும் ஒழுங்குபடுத்தப்பட்டிருக்க வேண்டும். மலையேறினால் உச்சியில் உணவகம் இருக்க வேண்டும். எங்கும் தடையறிவிப்புகள், காவலரிடம் வழிபாட்டுக்கு ஒப்பான மதிப்பு. இங்கும் நகைப்புக்குரியது கொண்டதை விடாத மடனே. சுவரொட்டியை நம்பும் ஆங்கிலேயனும் அறிவிப்புப் பலகைக்கு அடங்கும் ஜெர்மானியனும் ஒரே குறையின் இரு வடிவங்களாக அமைகின்றனர்.

ஜெரோம் ஒருபக்கமாக எள்ளுபவர் அல்லர் என்பதும் நோக்கத்தக்கது. பிறமொழியில் ஒரு சொல்லும் கற்க மறுத்துப் பணப்பையுடன் உலகைச் சுற்றும் ஆங்கிலேயனே ஆங்கில மொழியை எங்கும் பரப்பியவன் என்று அவர் தம் நாட்டாரைக் குத்துகிறார். ஜெர்மானியரின் நல்லியல்பை மனமாரப் போற்றவும் செய்கிறார். ஜெர்மன் மாணவரின் வாட்போரைக் கண்டெழுதும் இயலில் நகைச்சுவை பெரிதும் மறைகிறது. அவ்வழக்கத்தைக் கடுமையாகக் கண்டிக்கும் அவர், அதனைப் பார்த்துக்கொண்டிருக்கையில் குருதியைக் காணும் வேட்கை தமக்குள்ளும் எழுந்ததை மறைக்கவில்லை. தான் எள்ளும் குறை தன்னிடமும் உண்டு என ஒப்பும் இவ்விடமே நூலின் அறச்சிறப்பு மிக்க பகுதி என்பது நமது மதிப்பீடு.

இறுதி இயலில், நன்கு ஆளப்படும்வரை ஜெர்மானியருக்குக் குறைவில்லை என்றும், ஆட்சி இயந்திரத்தில் கோளாறு ஏற்படும்போதே இடர் தொடங்கும் என்றும் ஜெரோம் கருதுகிறார். 1914, 1933 ஆகிய ஆண்டுகளின் வரலாற்றை அறிந்த வாசகர்க்கு இது தீர்க்கதரிசனமாகத் தோன்றும். ஆயினும் இந்நூல் பல்லாண்டுகள் ஜெர்மன் பள்ளிகளில் ஆங்கில வாசிப்பு நூலாக விளங்கியது என்பதும், ஜெரோம் முதல் உலகப்போரில் ஐம்பது வயதைக் கடந்த நிலையில் பிரெஞ்சுப் படையின் மருத்துவ ஊர்தி ஓட்டுநராகப் பணியாற்றினார் என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கவை. இந்நூலைத் தீர்க்கதரிசனம் எனப் போற்றுவது, இனங்களுக்கு மாறாத குணம் உண்டு என்னும் அக்காலப் பொதுமைப்படுத்தலை ஏற்பதில் முடியக்கூடும். ஓர் இனத்தின் குணமாக ஜெரோம் கண்டது, எந்த நாட்டிலும் நேரக்கூடிய ஓர் ஆபத்தாகும். அதற்குச் சான்று இந்நூலிலேயே உண்டு: சுவரொட்டியை நம்பியவன் ஆங்கிலேயன் அல்லவா?

புதிய பதிப்பு எவ்வாறு அமைய வேண்டும்?

மேற்கூறியவற்றால் சில பரிந்துரைகளை முன்வைக்கலாம். முதலாவதாக, நூல் முழுமையாக வெளியிடப்பட வேண்டும். மிதிவண்டிப் பகுதிகளை மட்டும் திரட்டித் தருவது ஆர்வலர்க்கு இனிய பரிசாகலாம். ஆனால் அது பாதி நூலே. இன்றைய உணர்வுக்கு ஒவ்வாத இனப் பொதுமைப்படுத்தல்களை நீக்குவதும் பொருந்தாது. அவற்றோடு வாட்போர் இயலின் தன்னாய்வும் மறைந்துவிடும்.

இரண்டாவதாக, குறிப்புகள் அளவாக அமைந்து நூலின் இறுதியில் இடம்பெற வேண்டும். பயனுள்ள தகவல் எதுவும் தரப்போவதில்லை என்று ஜெரோமே நூலில் அறிவிக்கிறார். அத்தகைய நூலின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தகவல்களைக் குவிப்பது ஆசிரியரின் நோக்கத்திற்கே எதிரானது. பொருள்களை விளக்கலாம், நகையை விளக்கலாகாது. அக்காலச் சங்கிலி உறை எத்தகையது என்று கூறுவது பதிப்பாசிரியர் கடமை. அதனைக் கழற்றுவது ஏன் சிரிப்புக்குரியது என்று கூறுவது தேவையற்றது.

மூன்றாவதாக, முதற்பதிப்பில் எல். ரேவன்-ஹில் வரைந்த படங்கள் சேர்க்கப்பட வேண்டும். இக்கால வாசகர் கண்டறியாத வண்டிகளையும் உடைகளையும் நீண்ட குறிப்புகளைவிட அவை விரைவாக உணர்த்தும். நான்காவதாக, முன்னுரை 1890களின் மிதிவண்டி மோகத்தையும் பிந்தைய ஐரோப்பிய வரலாற்றையும் ஒருங்கே கூற வேண்டும். ஒன்றைக் கூறி மற்றொன்றை விடுவது வாசகரைத் தவறான வழியில் செலுத்தும்.

முடிவுரை

நகைச்சுவை நூலுக்கு ஆய்வுப் பதிப்பு எதற்கு என்னும் வினா நம் சூழலில் எழக்கூடும். சிரிப்பைத் தரும் நூல்களை நாம் எளிதாக மறுபதிப்புச் செய்கிறோம். அவற்றைச் சிந்தனை நூல்களாகக் கருதுவது அரிது. ஜெரோமின் நூல் அவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. நன்றாக ஓடும் வண்டியைப் பிரித்துப் பாழாக்கும் நண்பரைக் கண்டு சிரித்த வாசகர், சில இயல்கள் கடந்ததும், பழுதடையக்கூடிய ஆட்சி இயந்திரத்தின் முன் நிறுத்தப்படுகிறார். முதற் சிரிப்பைப் பெறாதவர் இரண்டாவதன் கனத்தை உணர்வது கடினம். இவ்விரண்டையும் ஒரே நூலுக்குள் காத்துத் தருவதே புதிய பதிப்பின் முதற்கடமையாகும்.