எழுத்துக் கூட்டல் அறிவாகுமா?

'உடல்நல எழுத்தறிவு' என்னும் தொடர் நலத்துறை அறிக்கைகளில் இன்று பெருவழக்காகிவிட்டது. நோய், மருந்து, உணவு பற்றிய செய்திகளைத் தேடிப் பெற்று, உணர்ந்து, அதன்படி நடக்கும் ஆற்றலையே அது குறிக்கும். இதனை அளக்க மேலைநாட்டார் செய்த கோல் வளரும் நாடுகளுக்கும் பொருந்துமா என்பது தமிழாசிரியரும் ஆராயத்தக்க வினாவாகும்.

அமெரிக்காவில் 1991இல் தோன்றி 1993இல் சுருக்கப்பெற்ற 'ரெல்ம்' தேர்வில் 66 மருத்துவச் சொற்கள் உள. நோயாளி அவற்றை உரக்கப் படித்தல் வேண்டும், பொருள் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று. ஆகவே, பிழையின்றி ஒலிப்பவர் அச்சொல்லை முன்பே அறிந்தவர் எனக் கொள்ள ஓரளவு இடமுண்டு. தமிழிலோ, நெடுங்கணக்குப் பயின்ற சிறுவன் 'மனச்சிதைவு' என்பதைத் தங்குதடையின்றிப் படிப்பான், பொருள் அறியான். ஸ்பானிய மொழியிலும் இவ்விடர் எழவே, படித்த சொல்லுக்குப் பொருளால் இயைந்த சொல்லையும் தேர்ந்து காட்டும் தேர்வொன்றை 2006இல் அமைத்தனர்.

மலேசியா வேறு வழி சென்றது. 2019ஆம் ஆண்டின் தேசிய நல ஆய்வு, ஐரோப்பிய வினாத்தொகுப்பைத் தழுவிய 18 வினாக்களால், இன்னது எளிதா, கடினமா என மக்களைக் கேட்டது. பெரியவர்களுள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் குறைந்த அறிவினர் என முடிவு வந்தது. இம்முறை ஒலிப்புத் தேர்வினும் மேலானதே. ஆயினும் அது அளப்பது அறிவையன்று, தன்னைப் பற்றிய எண்ணத்தை. மருத்துவர் சொல்வது விளங்காதபோதும் மரியாதைக்குத் தலையாட்டுவோர் நம்மிடையே சிலரா?

ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானை நோக்குக. அங்கே மனநோய் மருத்துவமனை 1911இல் எழுந்தது. பிற்காலத்தில் அதற்கு, மகிழ்ச்சி எனப் பொருள்படும் 'பகாகியா' என்னும் மலாய்ப் பெயர் வந்தது. பெயர் மாறியும் ஏச்சு மாறவில்லை; 'தஞ்சோங் ரம்புத்தான்' என்றால் பைத்தியம் என்றே ஊர் பேசும். அச்சொல்லைப் படிக்கத் தெரியுமா என்றாலும், விளங்குகிறதா என்றாலும் எவரும் ஆம் என்பர். மருந்தால் தணியும் நோய் அது என்பதை அவருள் எத்தனை பேர் அறிவர் என்பதை எந்த மதிப்பெண்ணும் காட்டாது.

ஆஸ்திரேலியரான ஆந்தனி ஜார்ம் 1997இல் கையாண்ட முறை இவ்விடத்துக்கு ஏற்றது. நோயுற்ற ஒருவரின் நிலையைக் கதையாகக் கூறி, அவருக்கு நேர்ந்தது என்ன, எவ்வுதவி நன்மை தரும் எனக் கேட்பது அது. தோட்டத்துப் பெண் ஒருத்தி உறங்காமல், உண்ணாமல், யாரோ பேசுவதாகச் சொல்கிறாள் எனக் கதை அமையலாம். எழுத்தறியாத மூதாட்டியும் விடை கூறுவார். 'பூசாரியிடம் கூட்டிச் செல்' என்பதும் பதிவாக வேண்டிய விடையே. கதையினுள் 'மனநோய்' என்ற சொல்லை மட்டும் எழுதிவிடலாகாது. எழுதினால் விடையைத் தேர்வே சொல்லிக் கொடுத்துவிடும்.