மேற்கோள் எண்ணும் புலமை மதிப்பும்

ஓர் அறிஞரின் நூலைப் பிறர் எத்துணை முறை மேற்கோளாகச் சுட்டினர் என எண்ணி, அவ்வெண்ணையே புலமையின் அளவுகோலாகக் கொள்ளும் முறை இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. இம்முறை மொழி, இலக்கியத் துறைகட்கு எவ்வளவு பொருந்தும்? திராவிட மொழியியலறிஞர் எமனோவின் (1904-2005) பணியை உரைகல்லாகக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் இவ்வளவுகோலின் தோற்றத்தை அறிதல் வேண்டும். அமெரிக்கரான யூசீன் கார்பீல்டு 1960களில் அறிவியற் கட்டுரைகட்கு மேற்கோட் சுட்டகராதி ஒன்றை வெளியிட்டார். ஆய்வாளர் தமக்கு வேண்டிய கட்டுரைகளைத் தேடிக் காண உதவுதலே அதன் முதல் நோக்கம். கலைத் துறைகட்கு அத்தகைய அகராதி 1970களின் இறுதியில்தான் அமைந்தது. பின்னர் 2005இல் ஹிர்ச் என்னும் இயற்பியலறிஞர், ஆய்வாளர் ஒருவரின் பணி முழுவதையும் ஒரே எண்ணாற் சுட்டும் முறையை வகுத்தார். ஒருவருடைய ஆக்கங்களுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் சுட்டப்பட்டிருப்பின் அவர் பத்து என்னும் எண்ணைப் பெறுவார். தேடற் கருவியாகப் பிறந்தது இவ்வாறு மதிப்பீட்டுக் கருவியாயிற்று.

இக்கருவி சிறு கட்டுரைகளை அடுத்தடுத்து வெளியிடும் துறைக்கு இயைந்தது. வாழ்நாளின் பெரும் பகுதியை ஒரு பேரகராதிக்கோ பதிப்புக்கோ ஈந்தவரை இது எங்ஙனம் அளக்கும்? ஒருவர் ஒரே நூலை எழுதி, அதனை ஆயிரவர் சுட்டினும் ஹிர்ச் முறைப்படி அவர் பெறும் எண் ஒன்றேயாம். இது கணக்கில் நேர்ந்த பிழையன்று. கணக்கின் இயல்பே அஃது.

எமனோவும் ஆக்சுபோர்டுப் பேராசிரியர் பரோவும் இணைந்து இயற்றிய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளிவந்தது. அதன் திருத்திய பதிப்பு 1984இல் வந்தது. திராவிட மொழிச் சொல்லொன்றின் இனச்சொற்களைக் காண விழைவார் இன்றும் முதற்கண் நாடுவது இதனையே. ஆயின் அதனை ஆளும் முறையை நோக்குக. ஆய்வாளர் நூற்பெயரைக் குறுக்கி எழுதிப் பதிவெண்ணை மட்டும் தருவர். ஒரு கட்டுரை ஐம்பது பதிவுகளைச் சுட்டினும் அது கணக்கில் ஒன்றேயாம். நூற்பெயர் குறுக்க விளக்கப் பட்டியலில் மட்டும் இடம்பெறின் அவ்வொன்றும் விடுபடக்கூடும். மிகுதியாகப் பயன்படும் நூல் குறைவாக எண்ணப்படும் விந்தை இங்கே காண்கின்றோம்.

இனிக் கூட்டுப்பணியை நோக்குவோம். பரோவும் எமனோவும் இணைந்தமை நூன்முகப்பிலேயே தெரிகின்றது. அதனைக் கருவி எளிதில் அறியும். 1935 முதல் 1938 வரை எமனோ இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் முதலியோர் மொழிகளைக் கேட்டு எழுதினார். அப்பணியின் பயனாக 1944-46இல் வெளிவந்த கோத்தர் கதைத் தொகுதிகளிலுள்ள கதைகளைச் சொல்லி எழுதுவித்தவர் சுள்ளி என்னும் கோத்தர். முகப்பிற் பெயர் எமனோ ஒருவரதே. அகராதியின் தமிழ்ச் சொற்களுக்குப் பெரிதும் ஆதாரமாயது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. அதற்குழைத்த வையாபுரிப் பிள்ளைக்கும் பிற புலவர்கட்கும் பிற்கால மேற்கோட் கணக்கில் வரவு யாதுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளின்படி, இருவர் இணைந்தெழுதிய ஆக்கத்திற்கு ஒவ்வொருவரும் மதிப்பெண்ணில் 70 விழுக்காடு பெறுவர். அவ்வாய்பாட்டிற் பரோவுக்கு இடமுண்டு; சுள்ளிக்கு இல்லை.

எண்ணுதல் முற்றும் பயனற்றது என்பது நம் கருத்தன்று. இந்தியாவை ஒரு மொழிப்புலமாகக் காட்டி எமனோ 1956இல் எழுதிய கட்டுரையை எவ்வெத் துறையினர், எவ்வெந் நாட்டினர் எடுத்தாண்டனர் எனப் பின்தொடர்தல் கருத்துப் பரவலின் வரலாற்றைக் காட்டும். ஆயின் அங்கும் ஒரு வரம்புண்டு. கருத்தொன்று துறையின் பொதுவுடைமையாயின பின் அதனை ஆள்வோர் முதலாசிரியரைச் சுட்டாது விடுவர். சமூகவியலறிஞர் மெர்ட்டன் இந்நிகழ்வைச் சுட்டி அதற்குப் பெயரும் இட்டுள்ளார். வெற்றி முழுமையாகுமிடத்து மேற்கோள் குறைகின்றது.

இவ்வாய்வு எமனோவின் புகழைக் காத்தற்கன்று. அவர்க்கு அது வேண்டுவதில்லை. இன்று முதுகலை முடித்து ஆய்விற் புகும் மாணவரையே நாம் கருதுகின்றோம். சுவடியொன்றைப் பதிப்பிக்கப் பத்தாண்டும், வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்க அதனின் மிக்க காலமும் வேண்டும். சிறு கட்டுரைகளே பதவியும் உயர்வும் தருமெனின் அப்பணிகளை மேற்கொள்வார் யார்? அடுத்த தலைமுறைக் கட்டுரைகள் எந்த அகராதியைச் சுட்டி எழுதப்படும்?

ஆதலின் மதிப்பிடுவோர் மூன்றினைச் செய்தல் வேண்டும் என்பது நம் துணிபு. அகராதி, பதிப்பு, சொல்லடைவு ஆகியவற்றைத் தனி வகையாகக் கொண்டு அவற்றின் ஆட்சியை ஆராய்க. தகவல் தந்தோரையும் முன்னோர் தொகுப்புகளையும் கூட்டுப்பணியாகப் பதிவு செய்க. எண்ணைக் காணுமுன் நூலைப் படிக்க. மூன்றாவது செய்யப்படின் முன்னிரண்டும் தாமே கைகூடும்.