சந்திரியின் முகம் போதுமா?

நடிகை சிநேகலதா ரெட்டி என்றதும் கண்ணில் வருவது ‘சம்ஸ்காரா’ (1970) படத்துச் சந்திரிதான். டாம் கோவனின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு அந்த முகத்துக்கு அப்படியொரு பொலிவைக் கொடுத்துவிட்டது. அவருக்கு அஞ்சலியாக உருவப்படம் தீட்ட நினைக்கும் ஓவியரின் கையும் முதலில் அங்கேதான் போகும். போகக் கூடாது என்கிறேன்.

சந்திரியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. படத்தில் அவளோடு வாழ்ந்த நாரணப்பாவின் பிணத்தை யார் எரிப்பது என்று அக்ரகாரம் சாத்திரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இறுதிச் சடங்குக்காகத் தன் நகைகளைக் கழற்றி வைக்கிறவள் அவள். சென்னைத் தணிக்கைக் குழு முதலில் தடுத்த படம் அது. இயக்கியவர் சிநேகலதாவின் கணவர் பட்டாபிராம ரெட்டி. அதில் நடித்ததே துணிச்சல். ஆனால் சந்திரி அதிகம் பேசாதவள், நாவலாசிரியர் அனந்தமூர்த்தியின் கற்பனையில் பிறந்தவள். சிநேகலதாவோ சிறைக்குள்ளும் வாயை மூடாதவர்.

நெருக்கடி நிலையின்போது, 1976 மே 2 அன்று அவரைப் பிடித்தார்கள். அரசுக்கு எதிராக வெடிவைக்கச் சதி செய்ததாகத் தொடுத்த பரோடா டைனமைட் வழக்கின் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. இருந்தும் விசாரணையின்றி அடைக்க உதவிய மிசா சட்டத்தில் எட்டு மாதம் பெங்களூர் மத்திய சிறையில் வைத்தார்கள். கடும் ஆஸ்துமா; உரிய சிகிச்சை இல்லை. இரவில் அவர் அலறியது தன் கொட்டடி வரை கேட்டதாக, அதே சிறையில் இருந்த சோசலிஸ்ட் தலைவர் மது தண்டவதே பின்னாளில் எழுதினார். அந்த மூச்சிரைப்போடுதான் பெண் கைதிகள் அடிபடுவதை எதிர்த்தார், நாட்குறிப்பும் எழுதினார். 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். 20ஆம் தேதி இறந்துபோனார்.

தோட்டா பாயவில்லை, ஆகவே கொலை அல்ல என்பார்கள். மூச்சுவிடத் திணறும் ஒருவரைத் தெரிந்தே பூட்டி வைத்த அரசுக்கு நாம் ஏன் அந்தச் சலுகையைத் தர வேண்டும்? அதே ஜனவரியில், சென்னைச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு இறந்தபோது தமிழ்நாட்டில் பலர் அதைக் கொலை என்று சொல்லத் தயங்கவில்லை.

அஞ்சலி ஓவியத்துக்கு முகத்தைவிட இடம் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. டொமினிக்கன் குடியரசின் தலைநகருக்குச் சர்வாதிகாரி த்ருஹியோவின் பெயரைச் சூட்டியதற்கு நினைவாக 1937இல் ஒரு தூண் எழுப்பினார்கள். 1960 நவம்பர் 25 அன்று அவனுடைய ஆட்கள், அவனை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவரைக் கொன்றார்கள். 1997இல் ஓவியர் எல்சா நூன்யெஸ் அந்தச் சகோதரிகளை அதே தூணின் மேல் தீட்டினார். முகச்சாயல் எவ்வளவு பொருந்தியது என்பது அங்கே இரண்டாம் பட்சம். அவன் புகழுக்கு நட்ட கல், அவன் கொன்றவர்களைச் சுமக்கிறது. அந்த ஓவியத்தின் பலம் அதுதான்.

பெங்களூரிலும் அப்படி ஓர் இடம் உண்டு. பழைய மத்திய சிறை இன்று சுதந்திரப் பூங்கா; காவல் கோபுரத்தை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். நகரத்தில் போராட வருபவர்களுக்கு அரசு ஒதுக்கியிருப்பதும் அந்த இடத்தைத்தான். சிநேகலதாவை அங்கே, பழைய சிறையின் சுவரில் வரைய வேண்டும். படத்தின் ஸ்டில்லைப் பார்த்து அல்ல, நாட்குறிப்பைப் படித்து. சந்திரியின் அழகு திரைப்பட வரலாற்றுக்கு உரியது. சிறைச்சுவரில் இருக்க வேண்டியவர் மூச்சு வாங்க, பேனாவை விடாமல் எழுதிய கைதி.