முன்சீப் மேசையும் பலிபீடமும்: வேதநாயகரை மீண்டும் வாசிக்கையில்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் தமிழகத்தில் மக்களவைத் தேர்தல் நடைபெற்றது. அன்றுதான் பெரிய வியாழன். நாளை மாற்றித் தருமாறு கிறிஸ்தவர் தரப்பில் எழுந்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. திண்டுக்கல் தொகுதியும் அன்றே வாக்களித்தது. ஆத்தூர் வட்டாரத்து நம் மக்கள் காலையில் வாக்குச்சாவடி வரிசையில் நின்றனர். மாலையில், விரலில் மை அடையாளத்தோடு, பாதம் கழுவும் சடங்கில் பங்கேற்றனர். 'நாட்டுக்கும் ஆண்டவருக்கும் ஒரே நாளில் எவ்வாறு கடன் செலுத்துவது?' என்ற முணுமுணுப்பு அன்று பலர் வாயில் இருந்தது.

இக்கேள்வியோடு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நூல்களைத் திரும்பப் புரட்டினோம். 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 2003இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆகும்வரை நாமும் திருச்சி மறைமாவட்டத்தாரே. ஆகவே அவர் நமக்கு அயலார் அல்லர். நீதிமன்ற அலுவலராகத் தொடங்கி முன்சீப்பாக உயர்ந்தவர். ஓய்வுக்குப் பின் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றியவர். குடிமைக் கடமையையும் விசுவாசத்தையும் ஒரே வாழ்வில் சுமந்த இப்பொதுநிலையினரின் எழுத்து, அவ்விரண்டையும் எவ்வாறு இணைக்கிறது? எங்கே இணைக்கத் தவறுகிறது?

1859இல் வெளிவந்த 'நீதிநூல்' தன் அதிகார வரிசையிலேயே ஒரு விடை தருகிறது. கடவுள் உண்டு என்பதையும் அவரது தன்மையையும் முதலில் பாடிய ஆசிரியர், அடுத்து அரசர் இயல்பையும் குடிகள் இயல்பையும் பாடுகிறார். ஆன்மீகம் ஒரு புறம், அரசியல் மறுபுறம் எனப் பாகம் பிரிக்க அவருக்குத் தோன்றவில்லை. கைக்கூலி வாங்குவதைக் கண்டிக்க அந்நூலில் தனி அதிகாரமே உண்டு. நீதிபதியின் இருக்கையில் அமர்ந்துகொண்டே ஒருவர் அதைப் பாடினார் என்பதே அச்செய்யுள்களுக்கு வலுவூட்டுகிறது. ஆங்கிலத்தில் கிடந்த உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டதும் இதே மனத்தின் செயல்தான். தன் வழக்கு எந்தச் சட்டத்தால் தீர்க்கப்படுகிறது என அறியாத ஏழைக்கு நீதி முழுமையாகக் கிட்டுவதில்லை அல்லவா?

1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். பட்டத்து யானை மாலையிட, ஆண் வேடத்திலிருந்த ஞானாம்பாள் விக்கிரமபுரிக்கு அரசாகி நல்லாட்சி நடத்துகிறாள். ஒரு பெண்ணின் கையில் செங்கோலைக் கொடுத்த துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் நம் குறையும் இவ்விடத்தில்தான் எழுகிறது. ஞானாம்பாளின் ஆட்சியில் குடிகள் நன்மையைப் பெறுகிறார்கள். நன்மையைச் செய்வதில் அவர்களுக்குப் பங்கில்லை. நீதி, மேலிருந்து ஒரு நல்லவர் வழியாக இறங்கி வருகிறது. மக்களுக்கு வாக்குரிமை இல்லாத காலத்தில் எழுதியவரிடம் இதைப் பெருங்குற்றமாகச் சொல்ல முடியாது. ஆயினும் வாக்குரிமை பெற்ற நாம் இன்னும் யானையின் மாலைக்கே காத்திருப்போமானால், அக்குற்றம் நாவலாசிரியருடையது அன்று, நம்முடையது.

1878இல் வந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' வேறொரு வினாவை எழுப்புகிறது. கிறிஸ்துவின் திருப்பெயரைச் சொல்லாமல், எச்சமயத்தாரும் பாடத்தக்க வகையில் இறைவனை அழைக்கும் பாடல்கள் அவை. தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய அதே கை, பொதுமன்றத்தில் தன் விசுவாசத்தை மறைத்துக்கொண்டதா? அவ்வாறு ஐயுறுவோரை நாம் இகழவில்லை. விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே விழும் பிளவை நம் காலத்தின் பெருந்தவறுகளுள் ஒன்றாக இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டில் எச்சரித்துள்ளது. வேதநாயகருக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.

அளந்து பார்ப்பதற்கு அவரது செயல் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தவர் அவர். நந்தனார் சரித்திரம் பாடிய சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையை வியந்து அவர்மேல் பாட்டிசைத்தார். கீர்த்தனையில் சொல்லப்படாத திருப்பெயர் கஞ்சித் தொட்டியருகே வாழப்பட்டது என்றே நாம் கருதுகிறோம். எல்லாச் சமயத்தார் வழக்கையும் கேட்க வேண்டிய நீதிபதியின் பண்பாகவே அந்தச் சமரசத்தைக் கொள்ளலாம். ஆனால் அச்செயல் இல்லாதிருந்தால், அந்த மௌனம் வெறும் எச்சரிக்கை உணர்வாகவே சுருங்கியிருக்கும். செயலைப் பின்பற்றாமல் மௌனத்தை மட்டும் பின்பற்றுவோர் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

நாணயத்தைக் காட்டி நம் ஆண்டவர் சொன்ன மறுமொழியை, ஞாயிறு இறைவனுக்கு, மற்ற நாள்கள் அரசுக்கு என்று பாகப்பிரிவினைப் பத்திரம் போல் வாசிக்கிறோம். நாணயத்தில் சீசரின் உருவம் இருக்கிறது; மனிதரிலோ கடவுளின் சாயல் இருக்கிறது. வரி செலுத்தும் கையும் வாக்களிக்கும் விரலும் கடவுளுக்கே உரியவை.

ஆகஸ்டு 15 அன்று நம் ஊர்களில் மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. அதே நாளில் கிராம சபையும் கூடுகிறது. குடிநீர், சாலை, ஊராட்சியின் வரவு செலவு எல்லாம் அங்கே பேச்சுக்கு வருகின்றன. ஆத்தூரின் காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்து திண்டுக்கல் நகருக்கே குடிநீர் போகும்போது, நம் தெருவின் கடைசிக் குழாய்க்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்க வேண்டிய இடமும் அதுவே. திருப்பலி முடிந்து கொடியேற்றி, இனிப்பும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நம்மில் எத்தனை பேர் அந்தச் சபையில் போய் அமர்கிறோம்?

பெரிய வியாழனன்று ஆண்டவர் கழுவியது கால்களை. தூசி படிந்த தெருவில் நடந்து வந்த கால்கள் அவை. அத்தெருவைப் பற்றிய அக்கறையும் அச்சடங்கின் தொடர்ச்சியே என்பதை, முன்சீப் மேசையில் அமர்ந்திருந்த அப்பொதுநிலையினர் இன்றும் நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்.